தாமதத்தின் கணக்கு: லினக்ஸ் கெர்னலில் ஒலி, அன்றும் இன்றும்

காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. மேடையில் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் தாள வாத்தியக்காரரின் அடி, பாடுகிறவரின் காதுக்கு வந்து சேர 9 மில்லிநொடி ஆகிறது. அந்த அளவு தாமதத்தோடு மனிதர்கள் என்றைக்கும் சேர்ந்து வாசித்தே வந்திருக்கிறார்கள். பத்து மில்லிநொடி வரை கை அதைப் பொருட்படுத்துவதில்லை. இருபது, முப்பது என்று ஏறும்போது வாசிப்பில் ஒரு தயக்கம் வரும். நூறைத் தாண்டினால் வாசிப்பே நின்றுபோகும். காதும் கையும் விதித்த இந்த வரம்புகள் அன்றும் இன்றும் ஒன்றுதான். அவற்றுக்குள் அடங்குவதற்குக் கணினி பட்ட பாடுதான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

1985-இல் வந்த அடாரி எஸ்டி கணினியில் மிடி இணைப்பு உள்ளேயே அமைந்திருந்தது. மிடி கம்பியில் நொடிக்கு 31,250 பிட் ஓடும். ஒரு சுரத்தைத் தொடங்கச் சொல்லும் மூன்று பைட் செய்தி போய்ச் சேர ஒரு மில்லிநொடிக்கும் சற்றுக் குறைவாகவே ஆகும். ஒலியை எழுப்பியது வெளியே இருந்த சிந்தசைசர். கணினியில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் ஓடியது. பிராசஸர் முழுவதும் அதற்கே சொந்தம். காத்திருக்க வேண்டிய இடமே அதில் இல்லை. பத்து ஆண்டுகள் கழித்து, பல மடங்கு வேகமான பிராசஸரில், பல நிரல்களை ஒன்றாக ஓட்டும் இயங்குதளம் வந்தபோது, இசைக்காரர்கள் அதிக நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. வேகம் கூடியபோது வரிசையும் நீண்டுவிட்டது.

கணினிக்குள்ளேயே ஒலியை உண்டாக்கும்போது சிக்கல் வேறு விதமானது. குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள். இரண்டு பக்கம், 16 பிட் என்று கணக்கிட்டால் நொடிக்கு 1,76,400 பைட். சவுண்ட் கார்டு இதை ஒரே சீராகக் குடித்துக்கொண்டே இருக்கும், யாருக்காகவும் நிற்காது. ஊட்ட வேண்டிய நிரலுக்கோ பிராசஸர் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவே இருப்பது பஃபர். வீட்டு மொட்டைமாடித் தொட்டியைப் போல அதற்கும் இரண்டு குணம் உண்டு. தொட்டி பெரிதாக இருந்தால் மோட்டார் நின்றாலும் குழாய் நிற்காது, ஆனால் குழாயில் வருவது எப்போதோ ஏற்றிய தண்ணீர். தொட்டி சிறிதானால் தண்ணீர் புதிது, மோட்டார் சற்றுப் பிந்தினாலும் குழாய் வறண்டுவிடும். ஒலியில் அந்த வறட்சி ‘டப்’ என்ற வெட்டாகக் கேட்கும். ஒலித் தாமதத்தைப் பற்றிக் கெர்னலில் நடந்த எல்லா வேலையும், பஃபரைச் சிறிதாக்கிய பின்னும் அது வறளாமல் பார்த்துக்கொள்ளும் வேலைதான்.

1990-களில் லினக்ஸில் ஒலிக்கு இருந்த வழி ஓஎஸ்எஸ். பின்லாந்தின் ஹன்னு சவோலைனன் சவுண்ட் பிளாஸ்டர் கார்டுக்காக எழுதத் தொடங்கிய டிரைவரிலிருந்து வளர்ந்தது அது. 1992-இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16 போன்ற கார்டுகளை ஐஎஸ்ஏ துளையில் செருகி, முகவரி 220, இன்டரப்ட் 5, டிஎம்ஏ 1 என்று கையால் சொல்லி வைக்க வேண்டும். கெர்னலைக் கம்பைல் செய்யும்போதே ஒலிக்கான டிஎம்ஏ பஃபர் எவ்வளவு என்று ஒரு கேள்வி வரும். 4,096 முதல் 65,536 பைட் வரை விடை தரலாம். பெரும்பாலோர் கடைசி எண்ணையே விட்டுவைத்தார்கள். 65,536 பைட் நிரம்பியிருந்தால், இப்போது எழுதும் ஒலி 371 மில்லிநொடி கழித்துத்தான் கேட்கும். பாட்டுக் கேட்பவருக்கு அதனால் ஒன்றும் இல்லை. வாசிப்பவருக்கு அது ஏறத்தாழ 127 மீட்டர் தள்ளி நிற்கும் ஒலிபெருக்கி.

பஃபரைக் குறைக்க ஒரு வழி இருந்தது. ஒலிக்கான கோப்பைத் திறந்த உடனே, வேறு எதையும் எழுதுவதற்கு முன், கெர்னலுக்கு ஒரே ஒரு 32 பிட் எண்ணை அனுப்ப வேண்டும். அதன் மேல்பாதி எத்தனை துண்டுகள் என்பதையும், கீழ்ப்பாதி ஒவ்வொரு துண்டும் இரண்டின் எத்தனையாவது அடுக்கு என்பதையும் சொல்லும். மேலே 2, கீழே 12 என்றால் 4,096 பைட் கொண்ட இரண்டு துண்டுகள், 46 மில்லிநொடி. கீழே 10 என்று குறைத்தால் 11.6 மில்லிநொடி. ஒரு துண்டு தீர்ந்ததும் கார்டு இன்டரப்ட் கொடுக்கும். கெர்னல் நிரலை எழுப்பும். அடுத்த துண்டு வாசித்து முடிவதற்குள் நிரல் காலியான துண்டை நிரப்பிவிட வேண்டும். அமைப்பு அவ்வளவுதான். நிரலாளர் ஒருவர் விசையிலிருந்து ஒலிபெருக்கி வரையுள்ள பாதை முழுவதையும் மனத்தில் வைத்துக்கொள்ள முடிந்த காலம் அது.

அந்த எளிமைக்கு ஒரு விலை இருந்தது. பெரும்பாலான கார்டுகளில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் ஒலியைத் திறக்கலாம். இரண்டாவது நிரலுக்கு ‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி’ என்ற ஒரு வரிதான் பதில். க்வேக் போன்ற விளையாட்டுகள் இன்னும் ஒரு படி போய், டிஎம்ஏ நினைவகத்தையே தங்கள் முகவரிக்குள் இணைத்துக்கொண்டு, கார்டு படித்துக்கொண்டிருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் நேரே எழுதின. இடையில் யாரும் இல்லை. பல நிரல்களின் ஒலியைக் கலக்க கேடிஈ திரையில் ஏஆர்டிஎஸ், க்னோமில் ஈசவுண்ட் என்று தனித்தனி சேவகர்கள் வந்தார்கள். அவர்கள் கலந்து கொடுத்தார்கள். கூடவே தங்கள் பங்குக்குத் தாமதத்தையும் சேர்த்தார்கள்.

ஆனால் அன்றைய பெரிய தடை பஃபரின் அளவில் இல்லை, கெர்னலின் நடத்தையில் இருந்தது. கெர்னல் ஒரு வேலையை எடுத்துவிட்டால், தானாக விட்டுக்கொடுக்கும் வரை எந்த நிரலுக்கும் பிராசஸர் கிடைக்காது. பெரிய நிரல் ஒன்று முடிந்து அதன் நினைவகத்தை விடுவிக்கும்போதும், ஹார்ட் டிஸ்குக்கு எழுத வேண்டியதை வரிசைப்படுத்தும்போதும் கெர்னல் அப்படி உள்ளேயே தங்கிவிடும். ஒலி நிரல் எவ்வளவு அவசரமானதானாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

1999-இல் பென்னோ செனோனர் இதை அளக்க ஒரு சோதனை எழுதினார். ஒரு நிரல் சிறு துண்டுகளாக ஒலியை எழுதிக்கொண்டே இருக்கும். அதே நேரம் திரையில் வரைதல், கெர்னலின் தகவல் கோப்புகளைப் படித்தல், டிஸ்கில் எழுதுதல், நகலெடுத்தல், படித்தல் என்று ஒவ்வொரு சுமையாக ஏற்றப்படும். விளைவு ஒரு வரைபடமாக வரும். பெரும்பகுதி தரையோடு ஒட்டிய கோடு. இடையிடையே செங்குத்தாக எழும் முட்கள். 2.2 கெர்னலில், டிஸ்க் வேலை நடக்கும்போது, அந்த முட்கள் சில நேரம் 100 மில்லிநொடியைத் தாண்டின. சராசரி எடுத்தால் ஒரு மில்லிநொடிகூட வராது. ஒலிக்குச் சராசரியால் பயனில்லை. ஒரு மணி நேரப் பதிவில் ஒரே ஒரு முள் எழுந்தாலும் அந்தப் பதிவு கெட்டதுதான். கெர்னல் எழுதுவோர் அதுவரை அளந்தது மொத்த வேகத்தை, அதாவது ஒரு நொடியில் எத்தனை வேலை முடிந்தது என்பதை. இசைக்காரர்கள் கேட்டதோ மிக மோசமான ஒரு கணம் எவ்வளவு மோசமாக இருக்கும் என்பதை. ஒரே கெர்னலை இரண்டு தரப்பாரும் இரண்டு அளவுகோல்களால் அளந்துகொண்டிருந்தார்கள்.

அந்த ஆண்டே இங்கோ மோல்நார் 2.2 கெர்னலுக்கு ஒரு பேட்ச் தந்தார். நீண்ட வேலைகளின் நடுவே, ‘வேறு யாருக்காவது அவசரமா?’ என்று கெர்னல் நின்று பார்க்கும் இடங்களை அவர் கையால் நட்டுவைத்தார். முட்கள் சில மில்லிநொடிகளாகச் சுருங்கின. 2000-இல் ஒலி மென்பொருள் எழுதுவோர் பலர் சேர்ந்து, இது அதிகாரபூர்வக் கெர்னலுக்குள் வர வேண்டும் என்று கூட்டுக் கடிதம் எழுதினார்கள். அப்படியே சேர்க்க லினஸ் டோர்வால்ட்ஸ் ஒப்பவில்லை. கெர்னல் முழுக்க ஆங்காங்கே நட்ட நிறுத்தங்களை ஆண்டுக்கணக்கில் யார் பராமரிப்பது என்பது நியாயமான கேள்வியாகவே இருந்தது. 2.4 கெர்னலுக்கு ஆண்ட்ரூ மார்ட்டன் அதே வழியில் ஒரு பேட்சை வைத்திருந்தார். ராபர்ட் லவ் வேறு வழி பிடித்தார். பல பிராசஸர் கணினிகளுக்காகக் கெர்னலில் ஏற்கெனவே பூட்டுகள் போடப்பட்டிருந்தன. பூட்டு கையில் இருக்கும்போது மட்டும் தொடாதே, மற்ற நேரமெல்லாம் கெர்னலின் வேலையைப் பாதியில் நிறுத்தி அவசர நிரலுக்கு வழிவிடலாம் என்பது அவர் எடுத்த முடிவு. புதிதாக எதையும் நடாமல், இருக்கிற பூட்டுகளையே எல்லைக் கற்களாகக் கொண்ட இந்த முறை 2002-இல் 2.5.4 பதிப்பில் சேர்ந்தது; 2003 டிசம்பரில் 2.6 ஆகப் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

இடைப்பட்ட ஆண்டுகளில் ஒலிக்காக லினக்ஸ் வைத்திருந்தவர்கள் செய்த சடங்குகள் ஏராளம். பேட்சைப் பொருத்திக் கெர்னலைத் தாங்களே கம்பைல் செய்வார்கள். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் இசை ஆய்வு மையத்திலிருந்து வந்த ‘பிளானட் சிசிஆர்எம்ஏ’ தொகுப்பிலுள்ள ஆயத்தக் கெர்னலை எடுத்துக்கொள்வார்கள். ஹார்ட் டிஸ்க் தன் வேலை நடக்கும்போது மற்ற இன்டரப்டுகளை அடைத்துவைக்காமல் இருக்க, ‘ஹெச்டிபார்ம்’ கட்டளை ஒன்றைத் தொடக்கக் கோப்பில் எழுதிவைப்பார்கள். ஒலி நிரலுக்கு நிகழ்நேர முன்னுரிமை தர வேண்டுமென்றால் அதை ரூட் பயனராக ஓட்ட வேண்டும். அந்த முன்னுரிமையில் ஓடும் நிரல் சுழலில் மாட்டிக்கொண்டால் கணினி முழுவதும் உறைந்துவிடும். பவர் பொத்தான்தான் கதி.

இன்று அந்தச் சடங்குகளில் பெரும்பாலானவை தேவையற்றுப் போய்விட்டன. 2005-இல் 2.6.12 கெர்னல், ரூட் அல்லாத பயனருக்கும் நிகழ்நேர முன்னுரிமையை வரம்பிட்டுத் தரலாம் என்றது. 2008 முதல், நிகழ்நேர நிரல்கள் எவ்வளவு முரண்டு பிடித்தாலும் ஒவ்வொரு நொடியிலும் 950 மில்லிநொடிக்கு மேல் எடுக்க முடியாது. மீதி 50 மில்லிநொடி மற்றவர்களுக்கு. உறைந்த கணினியைக் காப்பாற்ற அந்த மீதி போதும். அன்று கெர்னலின் இயல்பை மாற்ற மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். 2021-இல் வந்த 5.12 முதல், எந்த அளவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதைக் கணினி தொடங்கும்போது ஒரு சொல்லால் தேர்ந்துகொள்ளலாம்.

2.6-உடன் ஒலி அமைப்பும் மாறியது. செக் நாட்டின் யாரோஸ்லவ் கைசெலா 1998-இல் தொடங்கிய ஆல்சா, ஓஎஸ்எஸ்ஸின் இடத்துக்கு வந்தது. துண்டுகளைக் குறித்த அந்த ஒற்றை எண் போய், ‘பீரியட்’ எவ்வளவு, பஃபர் எவ்வளவு, எத்தனை மாதிரி சேர்ந்தால் தொடங்க வேண்டும் என்று தனித்தனி அமைப்புகள் வந்தன. பஃபர் வறண்டால் ‘எக்ஸ்ரன்’ என்று கெர்னலே சொல்லும். முன்பு காதால் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆல்சாவின் மேல் பால் டேவிஸ் ஜாக் என்ற ஒலிச் சேவகரைக் கட்டினார். எல்லா ஒலி நிரல்களும் கார்டின் ஒரே தாளத்துக்கு அடங்க வேண்டும் என்பது அதன் விதி. 48,000 மாதிரி வேகத்தில் 64 மாதிரிக்கு ஒரு பீரியட் என்றால், 1.3 மில்லிநொடிக்கு ஒருமுறை எல்லா நிரலும் எழுந்து, கணக்கை முடித்து, படுத்துவிட வேண்டும். ஒன்று பிந்தினாலும் எல்லோருக்கும் எக்ஸ்ரன்.

இசைக்காரர்களுக்கு இது போதுமானதாக இருந்தது. மடிக்கணினியில் படம் பார்ப்பவருக்கு இது வீண் செலவு. நொடிக்கு 750 முறை பிராசஸரை எழுப்பினால் பேட்டரி தாங்காது. பாட்டு கேட்க இரண்டு நொடி பஃபர் இருந்தால்கூடப் போதும். ஆனால் அப்படி வைத்தால் ஒலியளவைக் குறைத்த பிறகும் இரண்டு நொடி பழைய சத்தமே கேட்கும், வந்த மின்னஞ்சலின் மணி ஓசையும் அவ்வளவு பிந்தும். சிறிய பஃபரின் சுறுசுறுப்பும் பெரிய பஃபரின் உறக்கமும் ஒன்றாகக் கிடைக்குமா என்பது அடுத்த பத்தாண்டின் கேள்வியாயிற்று.

அதற்கு விடை தரக் கெர்னலின் கடிகாரம் மாற வேண்டியிருந்தது. 2.4 காலத்தில் கெர்னலின் நேரம் நொடிக்கு 100 துடிப்பு, அதாவது 10 மில்லிநொடிக்கு ஒன்று. பத்து மில்லிநொடி தூங்குகிறேன் என்று சொல்லும் நிரல் இருபது வரையும் தூங்கிவிடலாம். ஆகவே ஒலி நிரல்கள் கடிகாரத்தை நம்பாமல் கார்டின் இன்டரப்டையே நம்பின. 2.6-இல் துடிப்பு 1,000 ஆயிற்று. 2005-இல் 250 ஆகக் குறைந்தது. 2006-இலும் 2007-இலும் வந்த நுண்டைமர் வேலைகளுக்குப் பிறகு, துடிப்பின் எண்ணிக்கைக்கும் நிரல் எழும் நேரத்துக்கும் தொடர்பு அறுந்தது. வேண்டிய மைக்ரோநொடியில் எழலாம்; வேலை இல்லாதபோது துடிப்பே இல்லாமல் உறங்கலாம்.

லெனார்ட் பொட்டரிங் எழுதிய பல்ஸ்ஆடியோ 2008-இல் இதைப் பயன்படுத்திக்கொண்டது. கார்டின் பஃபரை இரண்டு நொடி வரை நிரப்பிவிடும். இன்டரப்டை எதிர்பார்க்காமல், எப்போது தீரும் என்று கணக்கிட்டு அதற்குச் சற்று முன் டைமர் வைத்து உறங்கும். இடையில் ஒலியளவு மாறினாலோ புதிய ஒலி வந்தாலோ, கார்டு இன்னும் படிக்காத பகுதிக்குத் திரும்பிப் போய், எழுதியதை அழித்துப் புதிதாக எழுதும். எழுதிவிட்ட ஒலியைத் திருத்த முடியும் என்றானது. அதற்குக் கார்டு எந்த மாதிரியைப் படித்துக்கொண்டிருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிய வேண்டும். பல டிரைவர்கள் அந்த இடத்தைத் தோராயமாகவே சொல்லிவந்தன. அதுவரை யாரும் கேட்காததால் அந்தப் பிழை வெளியே தெரியவில்லை. 2007-இல் ஃபெடோரா 8-இலும், அடுத்த ஆண்டு உபுண்டுவிலும் பல்ஸ்ஆடியோ வந்தபோது, வெட்டுப்பட்ட ஒலிக்காகப் பயனர்கள் திட்டியது பல்ஸ்ஆடியோவை. பிழைகளில் ஒரு பகுதி அதனுடையது. இன்னொரு பகுதி டிரைவர்களில் பல ஆண்டாகக் கிடந்தது.

மற்ற இயங்குதளங்களும் இதே பாதையைத் தங்கள் வழியில் கடந்தன. விண்டோஸ் எக்ஸ்பியில் கெர்னலுக்குள் இருந்த கலவைப் பகுதி மட்டும் 30 மில்லிநொடி வரை சேர்த்தது. இசைக்காரர்கள் ஸ்டைன்பெர்க் 1997-இல் தந்த ஆசியோ வழியே அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். விஸ்டாவில் அந்தக் கலவை கெர்னலைவிட்டு வெளியே வந்தது. லினக்ஸ் கெர்னலையே அடித்தளமாகக் கொண்ட ஆண்ட்ராய்டு, தொடக்க ஆண்டுகளில் 100 மில்லிநொடிக்கும் மேலான தாமதத்தோடு வாழ்ந்தது. கண்ணாடித் திரையில் பியானோ வரைந்து காட்டும் செயலிகள் அதில் தடுமாறின. 2015-இன் ஆண்ட்ராய்டு 6.0, உள்ளே போய் வெளியே வர 20 மில்லிநொடிக்குள் முடிக்கும் கருவிகளுக்கு ‘புரோ ஆடியோ’ என்ற தகுதியை வகுத்தது. 2017-இல் குறைந்த தாமதத்துக்கென்றே ஏஆடியோ வந்தது.

இன்றைய லினக்ஸ் மேசைக் கணினியில் ஜாக், பல்ஸ்ஆடியோ இரண்டின் வேலையையும் விம் டேமன்ஸ் தொடங்கிய பைப்வயர் செய்கிறது. 2021-இல் ஃபெடோரா 34 அதை இயல்பாக ஏற்றது. ‘பிடபிள்யூ-டாப்’ என்ற கட்டளையைக் கொடுத்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு வரி வரும்: எத்தனை மாதிரிக்கு ஒருமுறை எழுகிறது, எவ்வளவு நேரம் காத்தது, எவ்வளவு நேரம் உழைத்தது, எத்தனை முறை தவறியது. சாதாரண நேரத்தில் அந்த எண் 1,024 மாதிரி, அதாவது 21 மில்லிநொடி. 128 மாதிரி வேண்டும் என்று கேட்கும் இசை நிரல் ஒன்றைத் திறந்தால் எண் உடனே 128 ஆகும்; மூடினால் பழையபடி ஏறும். அன்று கெர்னலைக் கம்பைல் செய்யும்போது ஒரேயடியாக எடுத்த முடிவு, இன்று பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பயனர் தலையிடாமல் எடுக்கப்படுகிறது. ‘பிஸி’ என்ற பதில் ஏறத்தாழ மறைந்தே போயிற்று.

இதற்கெல்லாம் அடியில் நீண்ட ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. 2004-இல் இங்கோ மோல்நார் தொடங்கி, பின்பு தாமஸ் கிளைக்ஸ்னர் முன்நின்று நடத்திய நிகழ்நேரப் பேட்ச், பூட்டு கையில் இருக்கும்போதும் கெர்னல் வழிவிட வேண்டும் என்று கேட்டது. அதற்காகப் பூட்டுகள் உறங்கக்கூடியவையாக மாறின. இன்டரப்ட் வேலைகள் தனித்தனி இழைகளாகி, முன்னுரிமை வரிசையில் நின்றன. பேட்ச் வெளியே இருந்தபோதே அதன் பகுதிகள் ஒவ்வொன்றாக எல்லோருடைய கெர்னலுக்குள்ளும் வந்தன: 2006-இல் முன்னுரிமையை இரவல் தரும் பூட்டுகள், 2009-இல் இன்டரப்ட் இழைகள். 1996 முதல் கெர்னலையே பூட்டிவைத்த ‘பெரும்பூட்டு’ ஒன்றை ஒழிக்கப் பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். 2011-இல் அது போயிற்று. கடைசியில் நின்றது கெர்னல் தன் செய்திகளை அச்சிடும் ‘பிரிண்ட்கே’. 2024 செப்டம்பரில் வியன்னாவில் நடந்த மாநாட்டில், இணைப்புக்கான கோரிக்கையைத் தாளில் அச்சிட்டு, தங்கத் தாளில் சுற்றி லினஸிடம் கொடுத்தார் கிளைக்ஸ்னர். அந்த நவம்பரில் வந்த 6.12, இருபது ஆண்டுப் பேட்சைத் தன்னுள் ஏற்ற முதல் கெர்னல்.

இசைக்காரர்கள் முதலில் கேட்ட பொருள் அது. ஆனால் கடைசிவரை அதற்குச் சம்பளம் கொடுத்துக் காத்தது தொழிற்சாலை இயந்திரங்களை இயக்குவோரும், கருவிகளுக்குள் லினக்ஸ் வைப்போரும். லினக்ஸ் ஃபவுண்டேஷன் 2015-இல் அதற்கென ஒரு திட்டம் வகுத்தது. வெட்டும் கருவியின் கை ஒரு மில்லிநொடி பிந்தினால் உலோகம் வீணாகும். ஒலி பிந்தினால் வெறும் ‘டப்’. ‘டப்’புக்காகத் தொடங்கிய வழக்கு உலோகத்துக்காக முடிந்தது.

கெர்னலில் சேமித்த மில்லிநொடிகள் எல்லாம் கேட்பவரிடம் வந்து சேர்ந்தனவா என்றால், இல்லை. புளூடூத் காதொலிப்பான் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரிப்பதற்குள் 100 முதல் 200 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. 1990-களின் 46 மில்லிநொடி பஃபர் அதைவிட விரைவானது. இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில் ஒலிக்கென்றே தனி டிஎஸ்பி இருக்கிறது; அது தன் சொந்த ஃபர்ம்வேரை ஓட்டுகிறது, தன் சொந்த பஃபரை வைத்திருக்கிறது. யுஎஸ்பி கார்டு கணினியோடு பேசுவது 125 மைக்ரோநொடிக் கட்டங்களில். அந்தப் பொட்டலங்கள் சில வரிசையில் காத்திருக்கும். கெர்னல் தன் பங்கை ஒழுங்காகச் சொல்கிறது. தனக்கு அப்பால் இருப்பதைச் சாதனம் சொன்னால்தான் அதற்கும் தெரியும், பல சாதனங்கள் சொல்வதில்லை.

ஆகவே ஒரு பழக்கம் மாறிவிட்டது. அன்று தாமதம் எவ்வளவு என்று கேட்டால், துண்டுகளின் அளவைத் துண்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கி, 1,76,400-ஆல் வகுத்துத் தாளிலேயே சொல்லிவிடலாம். விடை பெரிதாக இருக்கும், ஆனால் ஏறக்குறையச் சரியாக இருக்கும். இன்று கார்டின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு கம்பியைச் சுற்றி இழுத்து, ஒரு சுரத்தை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அளப்பதுதான் நம்பகமான வழி. ‘ஜாக் ஐஓடிலே’ என்ற சிறு நிரல் அதற்கென்றே இருக்கிறது. அது காட்டும் எண்ணும் கெர்னலும் பைப்வயரும் அறிவிக்கும் மொத்தத் தாமதமும் பொருந்தாத இடத்தில், நடுவே எங்கோ யாரும் அறிவிக்காத ஒரு பஃபர் இருக்கிறது என்று பொருள்.

போனது அந்தத் தெளிவு. பழைய அமைப்பை முழுவதும் புரிந்துகொள்ள ஒரு மனிதருக்கு ஒரு வாரம் போதும். இன்றைய அமைப்பில் கெர்னல், டைமர், பைப்வயர், யுஎஸ்பி, டிஎஸ்பி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள். வந்தது, அந்த வாரத்தைச் செலவிட மனமில்லாதவருக்கும் வெட்டாமல் கிடைக்கும் ஒலி. அன்று பேட்ச் பொருத்தி, ரூட்டாக ஓட்டி, டிஸ்கை அடக்கி எட்டிய 5 மில்லிநொடியை, இன்று எந்தப் பேட்சும் இல்லாத சாதாரணக் கெர்னல் 256 மாதிரி அமைப்பில், பின்னால் உலாவி திறந்திருக்கும்போதே தாங்குகிறது. 6.12-இல் சேர்ந்த நிகழ்நேர வசதியைப் பெரும்பாலான லினக்ஸ் தொகுப்புகள் தங்கள் இயல்புக் கெர்னலில் இன்னும் முடக்கியே வைத்திருக்கின்றன. வீட்டில் பதிவு செய்யும் இசைக்காரர்களில் பலர் அதை இயக்க வேண்டிய தேவையையே உணர்வதில்லை. அவர்களுக்கு வேண்டியது பேட்ச் முழுமையடைவதற்கு முன்பே, அதன் துண்டுகளாக, கெர்னலுக்குள் வந்துவிட்டது.